விராலும் நுரையீரல் மீனும்

கேள்வி: எங்கள் ஊர்க் குளம் வற்றிய கோடைகளில் சேற்றைக் கிளறினால் விரால் மீன் உயிரோடு அகப்படும். ஆஸ்திரேலியாவில் உள்ள பழங்கால நுரையீரல் மீனும் இப்படித்தான் பிழைக்கிறதா?
— வாசகர், சூலூர்

பதில்: இல்லை. நுரையீரலே இல்லாத விரால், செவுள்களுக்கு மேலுள்ள அறையில் காற்றை வாங்கிக்கொண்டு ஈரச் சேற்றில் நாள் கடத்துகிறது. நுரையீரல் உள்ள ஆஸ்திரேலிய மீனோ குளம் வற்றினால் மாண்டுபோகும். சேற்றுக்குள் கூடு கட்டி வறட்சியைக் கழிப்பவை அதன் ஆப்பிரிக்க உறவுகள். அவற்றுக்கு இரண்டு நுரையீரல்கள், இதற்கு ஒன்றே. அதையும் நீரில் பிராணவாயு குறையும்போதுதான் பெரிதும் பயன்படுத்துகிறது. மற்ற நேரங்களில் செவுள்களே போதும்.

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மேரி, பர்னெட் ஆறுகளே இதன் தாயகம். சிட்னி அருங்காட்சியகத்தின் கெரார்டு கிரெஃப்ட் 1870-இல் இதை விவரித்தபோது, இதன் பல்தகடுகள் அதுவரை புதைபடிவங்களாக மட்டுமே அறியப்பட்டிருந்த பற்களை ஒத்திருந்தன. சிகாகோ மீன் காட்சியகத்துக்கு 1933-இல் வந்த ஒன்று 2017 வரை அங்கேயே வாழ்ந்தது என்றால் இதன் ஆயுளைப் பாருங்கள். வம்சாவளிப்படி இது விராலைவிட நமக்கே நெருங்கிய சொந்தம் என்பதைச் சொன்னால், மீன் சந்தையில் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை, ஆழமில்லாத, மெல்ல ஓடும் நீரில் அடர்ந்த பாசிகளின் மேல் முட்டையிடும். விரால் தன் செங்குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக் காவல் காக்கும் அல்லவா? இது முட்டையிட்டதோடு சரி. பொரிய மூன்று நான்கு வாரங்கள் ஆகும்.

அணை நிரம்பினால் மீனுக்கும் கொண்டாட்டம் என்றே பவானிசாகரைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தோன்றும். இந்த மீனுக்கு அது பொருந்தாது. அணை கட்டினால் பாசி படர்ந்த ஆழமற்ற துறைகள் மூழ்கிவிடுகின்றன. பாசனத்துக்குத் திறந்துவிட்டு நீர்மட்டம் சட்டென்று இறங்கினால், விளிம்பில் இட்ட முட்டைகள் காய்ந்துவிடுகின்றன. வளர்ந்த மீன்கள் நெடுங்காலம் வாழ்வதால், குஞ்சுகள் அற்றுப்போனாலும் ஆற்றில் மீன் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும். என் கணிப்பில் மிகவும் ஏமாற்றுவது இதுதான். பர்னெட் ஆற்றில் 2005-இல் ‘பாரடைஸ்’ அணை எழும்பிவிட்டது. மேரி ஆற்றில் திட்டமிடப்பட்ட ‘டிராவெஸ்டன்’ அணைக்கோ, இந்த மீனையும் அங்குள்ள அரிய ஆமையையும் முன்னிட்டு 2009-இல் அந்நாட்டு மத்திய அரசு அனுமதி மறுத்தது.