கொல்லையில் நீச்சல் குளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை வந்தாலே இந்தப் பகுதிக்கு நீச்சல் குளக் கேள்விகள் வந்து குவியும். இந்த முறை வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். விலை மட்டும் கேட்காதீர்கள். ஊருக்கு ஊர், மண்ணுக்கு மண் மாறும், நான் இன்று ஒன்று எழுதினால் நாளை உங்கள் மேஸ்திரி வேறொன்று சொல்வார், சண்டை எனக்கு வரும்.

கேள்வி: பொள்ளாச்சி அருகே தோட்டத்து வீடு. 24 அடிக்கு 12 அடி, நாலரை அடி ஆழத்தில் குளம் கட்ட ஆசை. மேஸ்திரி செங்கல்லில் எழுப்பிப் பூசிவிடலாம் என்கிறார். மகன் ஃபைபர் குளத்தை இறக்கி வைத்துவிடலாம் என்கிறான். மைத்துனர் லைனர் போதும் என்கிறார். எங்கள் மண் கரிசல். எதைக் கேட்பது? (ஒரு வாசகர், பொள்ளாச்சி)

முதலில் மேஸ்திரியைக் கேட்காதீர்கள். அவர் நல்ல மனிதராக இருக்கலாம், மாட்டுத் தொட்டி நூறு கட்டியிருக்கலாம். ஆனால் செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. உள்ளேயிருந்து தண்ணீர் வெளியே தள்ளும், வெளியேயிருந்து மண் உள்ளே தள்ளும், அதுவும் கரிசல் மண் என்றால் ஒரு வருஷத்தில் இரண்டு முறை மனசு மாற்றிக்கொள்ளும். மழையில் உப்பும், பங்குனி சித்திரையில் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்தத் தள்ளுமுள்ளில் செங்கல் சுவர் மூலைகளில் கீறல் விடும். கீறல் வழியாகக் கசியும் தண்ணீர் சுவருக்குப் பின்னால் உள்ள கரிசலை இன்னும் ஊற வைக்கும், அது இன்னும் தள்ளும். எத்தனை பூச்சுப் பூசினாலும் இந்தச் சுற்று நிற்காது.

ஆகவே உங்கள் முதல் செலவு குளத்துக்கு இல்லை, மண்ணுக்கு. குளத்தின் அடியிலும் சுற்றிலும் கரிசலை எடுத்துவிட்டு, கிராவல் மண்ணைக் கொட்டி, அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். எவ்வளவு ஆழம் எடுப்பது என்பதை மண் பரிசோதனை செய்து கட்டுமானப் பொறியாளர் சொல்லட்டும், நான் இங்கே உட்கார்ந்து சொன்னால் அது ஜோசியம். குளத்தைச் சுற்றி மூன்று நான்கு அடிக்குத் தளம் போட்டு, மழைத் தண்ணீர் குளத்துச் சுவர் ஓரம் இறங்காமல் வெளிப்பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுங்கள். பலர் இந்தத் தளத்தை அழகுக்காகப் போடுவதாக நினைக்கிறார்கள். கரிசலில் அதன் முதல் வேலை மண்ணைக் காய்ந்தபடி வைப்பது.

இனி மூன்றில் எது என்று பார்ப்போம். உங்கள் மண்ணுக்கு என் ஓட்டு கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு. தண்ணீர் தேக்கும் கட்டுமானங்களுக்கென்றே ஐ.எஸ். 3370 என்று இந்தியத் தரநிலை இருக்கிறது. அதன்படி கம்பி கட்டிய கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30க்குக் குறையக் கூடாது (எண் கூடினால் வலிமை கூடும்). வீடு கட்டப் போடும் எம்20 கலவையையே இதற்கும் போட்டுவிட்டு, "அதான் வாட்டர்ப்ரூஃப் அடிக்கிறோமே" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பிக்கு வெளியே கான்கிரீட் 45 மி.மீ. இருக்கிறதா என்று கான்கிரீட் போடுவதற்கு முன்னாலேயே டேப்பை வைத்து நீங்களே அளந்து பாருங்கள், போட்ட பிறகு அளக்க முடியாது. தரையும் சுவரும் சேரும் இடத்தில், மூட்டு வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் வாட்டர் ஸ்டாப் பட்டை கட்டாயம். கசிகிற குளங்களில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த மூட்டைத்தான். குழாய்கள் சுவரைத் துளைத்து வரும் இடங்கள் அதற்கு அடுத்தது.

டைல்ஸ் ஒட்டும் முன் குளத்தை முழுக்க நிரப்பி ஒரு வாரம் ஊறவிடுங்கள், அடுத்த ஒரு வாரம் மட்டத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். தண்ணீர் குறைந்தால் உடனே பதற வேண்டாம், வெயிலில் ஆவியாகும். ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி, குளத்துப் படியில், வாளி பாதிக்கு மேல் முங்கும்படி வையுங்கள். வாளிக்குள்ளேயும் குளத்திலேயும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது சூரியன் குடித்தது. குளத்தில் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. இந்த வாளிச் சோதனைக்குக் காசு கிடையாது, ஆனாலும் அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஃபைபர் குளம் மோசம் என்று சொல்லவில்லை. தொழிற்சாலையில் வார்த்து லாரியில் வரும், கிரேனில் இறக்கலாம், நாட்கணக்கில் முடியும், உள்பக்கம் வழவழவென்று பாசி அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் லாரியில் ஏறும் அகலம்தான் அதன் அகலம். உங்களுக்கு வேண்டிய 12 அடி அகலம் தோட்டத்துப் பாதை வளைவில் திரும்புமா என்று பார்த்தீர்களா? லைனர் என்பது தடித்த பி.வி.சி. விரிப்பு. முதல் செலவு குறையும், ஆனால் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். தோட்டத்தில் பெருச்சாளி இருந்தால் லைனரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் பெருச்சாளி இல்லாமல் இருக்குமா என்ன?

கேள்வி: கோவளம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை. 6 அடி தோண்டினாலே தண்ணீர் தெரிகிறது. ஃபைபர் குளம் வைத்தால் ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வைக்கலாமா? (ஒரு வாசகி, சென்னை)

ஒரு வாரத்தில் முடிப்பார்கள், அதில் சந்தேகமில்லை. அம்மா, நீங்கள் எந்த மாதத்தில் தோண்டிப் பார்த்தீர்கள்? சித்திரையில் 6 அடி என்றால் ஐப்பசி கார்த்திகையில் அது முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடலாம். அப்போது குளம் ஒரு படகு.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே பொள்ளாச்சிக்காரர் கேட்ட அதே அளவுக் குளத்தை 20 செ.மீ. தடிமனில் கான்கிரீட்டில் கட்டினால் அதன் எடை ஏறக்குறைய 31 டன். நிலத்தடி நீர் தரை மட்டம் வரை ஏறினால் அந்தக் குளம் ஒதுக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 49 டன். உள்ளே தண்ணீர் இல்லாமல் இருந்தால் 31 டன் கான்கிரீட்டே மேலே கிளம்பும். பளு இல்லாத ஃபைபரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இது எனக்குப் புத்தகத்தில் படித்து வந்த அறிவு இல்லை. வேலைக்கு வந்த புதிதில், கடற்கரையோர வீடொன்றில், கார்த்திகை மாசம், பாசி கழுவுவதற்காகக் குளத்தை மொத்தமாக இறைக்கச் சொன்னேன். அடுத்த நாள் காலையில் போனால் குளத்தின் ஒரு முனை ஒரு சாண் உயர்ந்து நிற்கிறது, குழாய்கள் எல்லாம் முறிந்து கிடக்கின்றன. வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உங்களுக்கு என் யோசனை: குளத்தை முழுக்க நிலத்துக்குள் இறக்காதீர்கள். இரண்டு அடி கீழே, இரண்டரை அடி மேலே என்று மேடை போலக் கட்டி, படியேறிப் போய் இறங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்றுக்கு அது நன்றாகவும் இருக்கும், குழந்தைகள் தெரியாமல் ஓடி வந்து விழுவதும் குறையும். அடித்தளத்தில் நிலத்தடி அழுத்தம் கூடினால் தானே திறந்து தண்ணீரை உள்ளே விடும் வால்வு ஒன்று பொருத்தச் சொல்லுங்கள். அப்புறம், மழைக்காலத்தில் எக்காரணம் கொண்டும் குளத்தைக் காலி செய்யக் கூடாது. கலவைக்கு அங்கே ஊறும் உவர்த் தண்ணீரை ஊற்றினால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், அதற்கு நல்ல தண்ணீர் லாரியில் வரட்டும். ஏணி, கைப்பிடி எல்லாம் 316 ரக எவர்சில்வரில் கேளுங்கள். 304 ரகத்தைக் கடற்காற்று புள்ளி புள்ளியாகத் தின்னும்.

கேள்வி: உள்ளே என்ன ஒட்டுவது? கண்ணாடி மொசைக் அழகாக இருக்கிறது, மாமனார் கடப்பா கல் போடச் சொல்கிறார், கடைக்காரர் கறுப்பு டைல்ஸ்தான் இப்போது ஃபேஷன் என்கிறார். (ஒரு வாசகி, மதுரை)

மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கடப்பா என்பது சுண்ணாம்புக் கல், உப்புக் கறை போக்க ஆசிட் பட்டாலே அரிக்கும். அதோடு மதுரை வெயிலில் கறுப்புக் கல்லைக் குளத்தைச் சுற்றிப் பதித்தால் தோசைக் கல்லில் நடப்பது போலிருக்கும். மேல்தளத்துக்கு வெளிர் நிறக் கிரானைட்டை வாங்கி, பாலிஷ் போடாமல் சொரசொரப்பாகத் தரச் சொல்லுங்கள். பாலிஷ் போட்டது ஈரக்காலில் வழுக்கும்.

கறுப்பு டைல்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். தண்ணீர் கண்ணாடி போலத் தெரியும், போட்டோவில் பிரமாதமாக வரும், சரி. ஆனால் கறுப்புத் தரையில் ஒரு குழந்தை மூழ்கிக் கிடந்தால் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அடியில் சேரும் குப்பையும் தெரியாது. வெள்ளையோ வெளிர் நீலமோ போடுங்கள். தண்ணீருக்கே இயல்பில் ஒரு மெல்லிய நீலம் உண்டு, சிவப்பு ஒளியை அது கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் வெள்ளை டைல்ஸ் போட்டாலும் குளம் வெளிர் நீலமாகத்தான் தெரியும்.

கண்ணாடி மொசைக் நல்ல பொருள், தண்ணீரை உறிஞ்சாது, வளைவுகளில் மடங்கிக் கொடுக்கும். ஆனால் ஒட்டுகிறவர் கை தேர்ந்தவராக இருக்க வேண்டும். வலை ஒட்டிய தாள் சிலவற்றில் அந்த வலைப்பசை தண்ணீரில் ஊறி, வில்லைகள் ஒவ்வொன்றாக உதிரும். முகப்பில் காகிதம் ஒட்டி வருவது மேல். பின்னால் வெள்ளை நிறப் பசைதான் பூச வேண்டும், சாம்பல் நிறப் பசை கண்ணாடி வழியாகத் தெரிந்து நிறத்தையே அழுக்காக்கிவிடும். இடைவெளிகளை எபாக்சி என்ற பிசின் கலவையால் அடையுங்கள். வெறும் சிமெண்ட் போட்டால் நாலு முறை ஆசிட் போட்டுக் கழுவியதும் கரைந்து போகும். பணம் பற்றாது என்றால் தண்ணீர் மட்டக் கோட்டை ஒட்டி ஓர் அடிப் பட்டைக்கு மட்டும் மொசைக், மற்ற இடத்தில் குளத்துக்கென்றே வரும் பீங்கான் டைல்ஸ். பார்க்கிறவர் கண் போவது அந்தப் பட்டைக்குத்தான்.

கேள்வி: ஹோட்டலில் பார்த்தது போல விளிம்பு வரை தண்ணீர் ததும்பி வழியும் குளம் வேண்டும். எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. உப்பு கொண்டு சுத்தம் செய்யும் கருவி வைத்தால் குளோரின் வேண்டாமாமே? (ஒரு வாசகர், நாமக்கல்)

இரண்டு கேள்விகளை ஒரே கடிதத்தில் வைத்துவிட்டீர்கள். வழியும் குளத்துக்கு, வழிந்த தண்ணீர் போய்ச் சேரத் தனியாக ஒரு தொட்டி வேண்டும். ஒரு ஆள் இறங்கினால் 60, 70 லிட்டர் வெளியேறும். பேரப்பிள்ளைகள் பத்துப் பேர் ஒன்றாகக் குதித்தால் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அதெல்லாம் சேரவும், பம்ப் திரும்ப எடுக்கவும், குளத்துக் கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குத் தொட்டி கட்டுவார்கள். சுற்றிலும் கால்வாய், அதன் மேல் கம்பி மூடி, கூடுதல் குழாய் எல்லாம் சேர்ந்தால் செலவு நன்றாகவே ஏறும். வீட்டுக்கு ஸ்கிம்மர், அதாவது மேலே மிதக்கும் குப்பையைச் சுவரிலுள்ள வாய் வழியாக இழுத்துக் கூடையில் பிடிக்கும் அமைப்பு, வைத்த குளம் போதும் என்பது என் கட்சி. வேப்ப மரம் பக்கத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். பூ உதிரும் காலத்தில் ஸ்கிம்மர் கூடையை நாளுக்கு இரண்டு முறை கொட்ட வேண்டிவரும்.

உப்புக் கருவி பற்றி யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். அது உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினைத்தான் செய்கிறது. குளோரின் டப்பா வாங்க வேண்டாம், அவ்வளவே. உங்கள் போர் தண்ணீரில் கடினத்தன்மையும் அதிகம் என்றால் அந்தக் கருவியின் தகடுகளில் சுண்ணாம்பு படியும், அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். எதற்கும் முதலில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். இரும்பு இருந்தால் குளோரின் போட்ட அன்றே குளம் டீ நிறமாகிவிடும். பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை) 7.2 முதல் 7.6, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், இந்த இரண்டையும் பார்க்கும் சிறு பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: தோட்டத்தில் பம்ப்செட் தொட்டி இருக்கிறது. பிள்ளைகள் நகரத்திலிருந்து லீவுக்கு வரும்போது மட்டும் குளிப்பார்கள். அதை இடித்துவிட்டு நீச்சல் குளம் கட்டலாமா? (ஒரு வாசகர், தேனி)

எதற்கு இடிக்கிறீர்கள்? வருஷத்தில் இருபது நாள் குளிக்க, மீதி நாளெல்லாம் ஃபில்டர் ஓட்டி, மருந்து போட்டு, கரண்ட் பில் கட்டப் போகிறீர்களா? ஓட்டாமல் விட்டாலோ ஒரே வாரத்தில் அது கொசுப் பண்ணை. பம்ப்செட் தொட்டியின் சௌகரியமே தண்ணீர் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வயலுக்கு ஓடிவிடுவதுதான். தண்ணீர் தேங்குவதே இல்லை என்பதால் மருந்தும் வேண்டாம், குளித்த தண்ணீரும் வாழைக்குப் போய்விடும்.

வேண்டுமானால் பழைய தொட்டிக்குப் பக்கத்திலேயே 15 அடிக்கு 10 அடியில், மூன்றரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட்டில் பெரிதாக ஒன்று கட்டி, உள்ளே வெளிர் நிற டைல்ஸ் பதித்து, இறங்க நாலு படி வையுங்கள். அடியில் தூம்பு வைத்தால் திறந்துவிட்டுக் கழுவலாம். ஆனால் தூம்பு வாயில் கட்டாயம் கம்பிவலை மூடி இருக்க வேண்டும், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது, உறிஞ்சும் தண்ணீர் ஒரு சின்னக் காலைப் பிடித்தால் பெரியவர்களாலும் இழுக்க முடியாது. மோட்டார் ஒயரை ஒரு நல்ல எலக்ட்ரீஷியனிடம் காட்டி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிடச் சொல்லுங்கள். தொட்டி கட்டும் வேலையைவிட அது முதலில் நடக்கட்டும், லீவு வர இன்னும் நாள் இருக்கிறது.