பைக் டூருக்கு லோன் வேண்டாம். ஆறு பேருக்கும் நீங்களே கார்டு தேய்ப்பதை நிறுத்துங்கள்

கேள்வி: வயது 39. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிடித்தம் போக 64,000 ரூபாய் சம்பளம். மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வருஷத்துக்கு ஒரு பைக் டூர்தான் எனக்கென்று நான் செய்துகொள்ளும் செலவு. கடந்த ஜனவரியில் ஆறு பேர், ஒரு டூர் கம்பெனி மூலமாக, கோவையிலிருந்து ஊட்டி, மைசூரு, குடகு, சிக்கமகளூரு, ஆகும்பே வழியாக உடுப்பியில் இறங்கி, கடலோரமாகவே கோவா வரை ஏழு நாள் ஓட்டினோம். வாடகை பைக், தங்குமிடம், முன்னால் ஒரு ரைடு கேப்டன், பின்னால் மெக்கானிக்கோடு வேன். தலைக்கு 36,000. ஒரே ஆளாக புக் செய்தால் சலுகை என்றதால், ஆறு பேருக்கும் என் கிரெடிட் கார்டில்தான் கட்டினேன். நண்பர்கள் மூன்று பேர் பணத்தை அனுப்பிவிட்டார்கள். மச்சினனும் அவன் கூட்டிவந்த நண்பனும் இன்னும் தரவில்லை. கேட்டால் வீட்டில் மனக்கசப்பு வரும். மாதம் தவறாமல் மினிமம் டியூ கட்டியும் கார்டு பாக்கி 1,86,000-ல் நிற்கிறது. வரும் ஜனவரி டூருக்கும் என்னையே புக் செய்யச் சொல்கிறார்கள். 2.5 லட்சம் பர்சனல் லோன் எடுத்து, கார்டை அடைத்துவிட்டு மீதியை டூருக்கு வைத்துக்கொள்ளலாமா? ஐந்து வருடமாக மாதம் 5,000 எஸ்ஐபியாக மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகிறது, இப்போது மதிப்பு சுமார் 4 லட்சம். அதைத் தொட மனம் வரவில்லை.

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் டூரில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. வருஷம் முழுக்க ஷிப்மென்ட் தேதியோடு மல்லுக்கட்டும் மனிதர், ஏழு நாள் மலையிலும் கடலோரத்திலும் வண்டி ஓட்ட 36,000 செலவழிப்பது உங்கள் சம்பளத்துக்கு மீறிய காரியமல்ல. மாதம் 3,000 எடுத்து வைத்தால் முடிகிற விஷயம். ஒருபக்கம் அரபிக் கடலும் மறுபக்கம் சௌபர்ணிகா ஆறுமாக மரவந்தேயில் அந்த நெடுஞ்சாலை போகும் அழகுக்கு அந்தப் பணம் தகும். கேப்டனும் வேனும் வைத்துப் போனதும் நல்லதுதான். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்கேற்ப நாளைத் திட்டமிடத் தெரிந்தவர் கூட இருப்பது, வழி தெரியாமல் இருட்டில் மாட்டிக்கொள்வதைவிட மலிவு.

உங்களைக் கடனாளி ஆக்கியது டூர் அல்ல. மற்றவர்கள் செலவையும் சேர்த்து உங்கள் கார்டில் தேய்ப்பதும், பிறகு மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டு அதைக் கடன் அடைப்பதாக நினைத்துக்கொள்வதும்தான். கடிதத்தின் பிற்பகுதியில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு விவரங்கள் இதில் முக்கியம். நண்பர்கள் அனுப்பிய 1,08,000-ல் 60,000 மட்டுமே கார்டுக்குப் போனது, மீதி 48,000 ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ் ஆனது என்கிறீர்கள். பெட்ரோல், மளிகை என மாதம் ஏறக்குறைய 4,000 ரூபாய் இன்னும் அதே கார்டில்தான் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 2,16,000. திரும்பக் கட்டியது 60,000. கார்டில் தங்கியது 1,56,000. உங்கள் ஸ்டேட்மென்டில் வட்டி மாதத்துக்கு 3.6 சதவீதம் என்றிருக்கிறது. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் மாதம் ஏறத்தாழ 4.25 சதவீதம். முதல் மாதத்திலேயே 6,600 ரூபாய் வட்டியும் வரியும். நீங்கள் கட்டிய மினிமம் டியூ, அதாவது பாக்கியில் 5 சதவீதம், 7,800. ஆக அசலில் கழிந்தது 1,200 சொச்சம். அதே மாதம் பெட்ரோலும் மளிகையும் 4,000 ஏறிவிட்டது. பாக்கி 2,800 கூடிவிட்டது!

இதுவே பதினொரு மாதம் ஓடியிருக்கிறது. இதுவரை நீங்கள் கட்டியது 94,000 இருக்கும். புதிதாகத் தேய்த்தது 44,000. இருந்தும் பாக்கி 1,56,000-லிருந்து 1,86,000 ஆகியிருக்கிறது என்றால், வட்டியும் அதற்கான வரியும் மட்டுமே 80,000 போயிருக்கிறது. இரண்டு பேர் கோவா வரை ஓட்டிவிட்டு வரும் செலவு, யாரும் எங்கும் போகாமலே தீர்ந்துவிட்டது. இந்த மாதம் வட்டி 7,900, நீங்கள் கட்டப்போவது 9,300. தவறாமல் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், லேட் ஃபீ வரவில்லை. மினிமம் டியூவால் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று. முந்தைய பாக்கி முழுதாகத் தீராதவரை, கார்டுக்கே உரிய அந்த நாற்பது ஐம்பது நாள் வட்டியில்லாத காலம் புதிய செலவுக்கும் கிடையாது. பங்கில் பெட்ரோல் போட்ட நாளிலிருந்தே அதற்கும் வட்டி ஓடுகிறது. ஆறு பேருக்குத் தேய்த்ததில் ரிவார்டு பாயின்ட் நிறைய வந்ததாகச் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். தாராளமாக 1 சதவீதம் என்று வைத்தாலும் 2,160 ரூபாய். இந்த ஒரு மாத வட்டியில் கால்வாசிக்குச் சற்று மேல். அந்தப் பாயின்டுகளை மறந்துவிடுங்கள்.

இப்போது பர்சனல் லோன். 2.5 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் மூன்று வருடம் என்றால் இஎம்ஐ 8,500-ஐத் தாண்டும். மொத்தம் 57,000-க்கு மேல் வட்டி, பிராசசிங் கட்டணம் தனி. கார்டு வட்டியோடு ஒப்பிட்டால் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் லோன் வந்து கார்டு காலியானதும் என்ன நடக்கும்? முழு லிமிட்டும் மறுபடி திறந்திருக்கும், ஜனவரியும் வந்துவிடும், அதே நண்பர்கள் அதே சலுகையைச் சொல்வார்கள். அடுத்த வருடம் இதே நேரம் இஎம்ஐ ஒருபக்கம், கார்டு பாக்கி மறுபக்கம் என்று இரண்டோடும் எனக்கு எழுதுவீர்கள். இந்தப் பாதையில் போன பலரைப் பார்த்திருக்கிறேன். அதனால் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன்.

‘இப்போது பயணம், பிறகு பணம்’ என்று உங்கள் நண்பர் அனுப்பிய செயலிக்கும் இதே பதில். வட்டியில்லா இஎம்ஐ என்பதில் வட்டி மறைந்துபோவதில்லை. பெரும்பாலும் ரொக்கமாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. பிராசசிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியும் உங்கள் தலையில். ஊர் சுற்றக் கடன் கொடுக்க இத்தனை பேர் க்யூவில் நிற்கிறார்கள் என்றாலே கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.

எஸ்ஐபியைத் தொட மனமில்லை என்கிறீர்கள். அந்த மனதைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு வட்டியும் வரியுமாக 50 சதவீதம் கேட்கும் கடனை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் 12 சதவீதம் வந்தால் நல்லது என்று நம்பி மாதம் 5,000 போடுகிறீர்கள். எந்த ஃபண்டும் இந்த ஓட்டத்தில் ஜெயிக்காது. இந்த வாரமே 1,86,000-க்கும் அதன்மேல் சில ஆயிரத்துக்கும் யூனிட்டுகளை விற்றுவிடுங்கள். பழைய யூனிட்டுகள்தான் முதலில் கழியும் என்பதால், சீக்கிரம் விற்றால் பிடிக்கும் எக்சிட் லோட் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். ஈக்விட்டி ஃபண்டில் ஒரு வருடம் தாண்டிய லாபம், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை. நீங்கள் விற்கும் பகுதியில் லாபம் அதற்குள்தான் வரும். விற்ற பிறகும் 2 லட்சம் மிச்சம் இருக்கும், எஸ்ஐபி தொடரட்டும்.

பணம் கணக்குக்கு வந்ததும் வங்கியைக் கூப்பிட்டு, அன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டு முழுவதையும் கட்டுங்கள். அடுத்த ஸ்டேட்மென்டிலும் ஒரு தொகை வரும். கடைசி ஸ்டேட்மென்டுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. பதறாமல் அதையும் முழுதாகக் கட்டுங்கள். பாக்கி பூஜ்யம் என்று ஒரு ஸ்டேட்மென்ட் வரும்வரை கார்டை பீரோவில் வையுங்கள். பெட்ரோலுக்கும் மளிகைக்கும் யுபிஐ போதும். லிமிட்டை 75,000 ஆகக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். அந்த லிமிட்டில் ஆறு பேருக்கு டூர் புக் செய்ய முடியாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

இனி மச்சினன். உங்கள் கடிதத்தில் நீங்கள் அதிகம் தயங்கி எழுதிய இடம் இதுதான். உறவில் பணம் கேட்பது எவ்வளவு சங்கடம் என்பது புரிகிறது. ஆனால் உங்கள் மனைவிக்கு அந்த 80,000 கணக்கு தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ‘தம்பி 36,000 தர வேண்டியிருக்கிறது, இவர் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார்’ என்பதாக இருக்கும். இன்று இரவு ஸ்டேட்மென்டை அவர் முன்னால் வையுங்கள். தம்பியைக் குறை சொல்லாமல், வீட்டுப் பணம் எங்கே போகிறது என்பதை மட்டும் காட்டுங்கள். மச்சினனிடம் பேச வேண்டியது அதற்குப் பிறகு. அவனை மொத்தமாகக் கேட்காதீர்கள், மாதம் 6,000 வீதம் ஆறு மாதம் என்று கேளுங்கள். அவன் நண்பனின் 36,000-ஐ வாங்கித் தரும் பொறுப்பும் கூட்டிவந்த அவனுடையதுதான் என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுங்கள். வட்டியைப் பற்றிப் பேச வேண்டாம், அது நீங்கள் மினிமம் கட்டியதால் வந்தது. பணம் வந்தால் அப்படியே ஃபண்டில் திருப்பிப் போடுங்கள். ஆறு மாதத்தில் ஒரு பைசா வரவில்லையென்றால் கேட்பதை விட்டுவிடுங்கள். ஆனால் இனி அவனுக்காக எதையும் முன்பணமாகக் கட்டக்கூடாது, டூரானாலும் டிவியானாலும்.

குரூப் சலுகை போய்விடுமே என்பீர்கள். போக வேண்டியதில்லை. டூர் கம்பெனிக்கு வேண்டியது ஆறு பேர், ஒரே தேதி, முழுப் பணம். ஒரே புக்கிங் எண்ணுக்கு ஆறு பேரும் தனித்தனியாகக் கட்டலாமா என்று கேளுங்கள், இதற்கு மறுப்பு வருவது அரிது. நண்பர்களிடம் இதை ஒரு கொள்கைப் பிரகடனமாக அறிவிக்க வேண்டாம். ‘இனிமே அவங்கவங்க நேரா கம்பெனிக்கே கட்டிடலாம்ப்பா, என் கார்டு லிமிட் குறைச்சாச்சு’ என்றால் போதும், அது பொய்யும் இல்லை. உங்களுக்கு இதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. மொத்தமும் உங்கள் பெயரில் இருந்தால், கடைசி வாரத்தில் ஒருவர் வரவில்லை என்றாலும் கேன்சலேஷன் தொகை உங்களுடையது. வேறொருவர் வாடகை பைக்கைக் கீழே போட்டாலும் டெபாசிட்டில் பிடிப்பது உங்களிடம்தான். தனித்தனியாகக் கட்டினால் அவரவர் கணக்கு அவரவருக்கு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், பிள்ளைகள் சின்னவர்கள் என்பதால். சொந்த வண்டி இன்சூரன்ஸோடு வரும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளர் ஓட்டுவதற்கானது. வாடகை பைக்குக்கு நீங்கள் உரிமையாளர் இல்லை. ஏழு நாள் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுபவர் தனியாக ஒரு பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுத்துவிட வேண்டும், பிரீமியம் உங்களுக்குச் சுமையாக இருக்காது. தரும் வண்டியின் நம்பர் பிளேட்டையும் பாருங்கள். வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டிக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளை பிளேட் போட்ட சொந்த உபயோக வண்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் க்ளெய்ம் மறுக்கப்பட அதுவே காரணமாகிவிடும்.

வரும் ஜனவரி டூருக்கு இந்த ஒருமுறை போகாதீர்கள். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் கையில் அதற்கான பணம் இல்லை, இனிமேல்தான் சேர வேண்டும். கார்டு அடைந்ததும் மாதம் 9,300 மிச்சமாகும். அதில் பெட்ரோல், மளிகைக்கு 4,000 போய்விடும். 4,000-ஐ சம்பளம் வந்த மறுநாளே பிடிக்கும்படி வங்கியில் ஒரு ஆர்டியில், அதாவது மாதாமாதம் சேர்க்கும் வைப்புக் கணக்கில், போடுங்கள். மீதி 1,300 ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸுக்கான தனிக் கணக்கில் சேரட்டும், போதாத தொகையை ஃபீஸ் வரும் முன்பே போனஸிலிருந்து ஒதுக்குங்கள். பத்து மாதத்தில் ஆர்டியில் 40,000 சேர்ந்துவிடும். அப்போது அக்டோபர் வந்திருக்கும், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து மேற்கு மலைத்தொடர் முழுக்கப் பச்சையாக இருக்கும் மாதம் அது. புக் செய்யும் முன் தேதி மாற்ற முடியுமா, எத்தனை நாள் முன்பு சொன்னால் எவ்வளவு திரும்பும் என்பதை டூர் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு உங்கள் ஒருவருக்கான 36,000-ஐ ஆர்டி முடிந்த பணத்திலிருந்து நேரடியாகக் கட்டுங்கள்.