ஸ்வெட்டரைத் துவைக்கப் பயமா? கேளுங்கள், சொல்கிறேன்

மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னிய ஸ்வெட்டரைத் துவைக்கப் பயந்துகொண்டு, போடாமலே பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. வந்திருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, முதல் முறையாக ஒரு முழு ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டேன். தண்ணீர் பட்டால் சுருங்கிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: முதலில் வாழ்த்துகள்! தண்ணீர் பட்டால் சுருங்காது. தண்ணீருக்குள் போட்டுக் கசக்கினால்தான் சுருங்கும்.

கம்பளி இழையும் நம் தலைமுடியும் ஒரே பொருள், கெரட்டின் என்ற புரதம். நுண்ணோக்கியில் பார்த்தால் இழையின் மேல் கூரை ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள் இருக்கும், எல்லாம் நுனியை நோக்கி ஒரே திசையில். ஈரத்தில் இழை உப்புகிறது, சூட்டில் இளகுகிறது, சோப்பு வழுக்கிக் கொடுக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தேய்த்தால் இழைகள் ஒரு பக்கமாகவே நகரும். செதில் தடுப்பதால் பழைய இடத்துக்குத் திரும்பாது. இப்படியே நகர்ந்து நகர்ந்து ஒன்றோடொன்று சிக்கி இறுகிப்போவதைத்தான் சுருங்கிவிட்டது என்கிறோம். அசைக்காமல் ஊற மட்டும் வைத்தால் இது நடக்காது. தைரியமாக நனையுங்கள்.

கேள்வி: சரி, அப்படியானால் துவைக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்: துவைப்பதற்கு முன்னால் ஸ்வெட்டரைப் படுக்கையில் விரித்து மார்பு அகலம், மொத்த நீளம், கை நீளம் மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். உலர்த்தும்போது இது உங்களைக் காப்பாற்றும். எங்காவது நூல் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கு குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஓட்டை பெரிதாகிவிடும்.

அகலமான டப்பில் தண்ணீர் பிடியுங்கள். சுமார் 30 டிகிரி இருக்கட்டும். கையை விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது, அதுதான் கணக்கு. கம்பளி துவைப்பதற்கான திரவ சோப்பைக் கொஞ்சம் ஊற்றிக் கலக்கிவிட்டு, குழாயை மூடிய பிறகுதான் ஸ்வெட்டரை உள்ளே போட வேண்டும். அதன் மேல் தண்ணீர் கொட்டக்கூடாது.

முதலில் அது மிதக்கும். விரித்த உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். பின்னலுக்குள் இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியே வரும், ஸ்வெட்டர் தானாக உள்ளே இறங்கும். அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். 15, 20 நிமிடம் ஊறினால் போதும். கழுத்துப் பட்டையிலும் மணிக்கட்டிலும் அழுக்கு இருந்தால் அந்த இடத்தை மட்டும் விரல்களுக்கு நடுவில் அழுத்தி அழுத்தி விடுங்கள்.

அலசும்போதுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஸ்வெட்டரை டப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். அதே சூட்டில் இன்னொரு டப் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். வெதுவெதுப்பிலிருந்து எடுத்து நேராகக் குளிர்ந்த தண்ணீரில் போடுவது கம்பளிக்கு ஆகாது. நுரை நிற்கும்வரை அலசுங்கள். பெரும்பாலும் இரண்டு அலசல் போதும். அலசத் தேவையில்லை என்று எழுதிய திரவங்களும் கிடைக்கின்றன. நுரையை வெளியேற்றப் பொறுமை இல்லாதவர்களுக்கு அவை நல்லது.

எடுக்கும்போது தோள்பட்டையைப் பிடித்துத் தூக்காதீர்கள். நனைந்த ஸ்வெட்டர் குடித்திருக்கும் தண்ணீரின் எடை முழுவதும் அந்தக் கண்ணிகளில் தொங்கும். கம்பளி ஈரமாக இருக்கும்போது பலமும் குறைவு. இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, குழந்தையைத் தொட்டிலிலிருந்து அள்ளுவதுபோல் அள்ளி எடுங்கள்.

கேள்வி: வீட்டில் துணிக்குப் போடும் சோப்புத் தூளே போதாதா?

பதில்: வேண்டாம். பல சோப்புத் தூள்களில் புரதக் கறையைக் கரைப்பதற்கென்றே புரோட்டியேஸ் என்ற நொதி சேர்க்கிறார்கள். உங்கள் ஸ்வெட்டரே புரதம்தானே! ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது, போகப் போக நூல் மெலிந்து பொலிவு போய்விடும். அதோடு தூள்களில் காரத்தன்மையும் அதிகம், அதுவும் கம்பளிக்குப் பகை. குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள், அது கம்பளியைக் கரைத்தே விடும்.

கம்பளித் திரவம் கையில் இல்லையென்றால் சாதாரண ஷாம்பு ஒரு டீஸ்பூன் போதும். கண்டிஷனர் கலந்தது வேண்டாம், அது பின்னலில் படிந்துவிடும்.

கேள்வி: வினிகர் ஊற்றினால் சாயம் போகாது என்கிறார்களே?

பதில்: துவைக்கும் தண்ணீரில் ஊற்றும் வினிகர் சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. உப்பும் அப்படித்தான். சோப்பின் காரம் மிச்சமிருந்தால் அதைத் தணிக்க, கடைசி அலசலில் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் விடலாம். அந்த அளவுக்குத்தான் பயன்.

சாயம் போகுமா என்று பார்க்க, ஸ்வெட்டரின் உள்பக்கம் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையும் சேர்த்துப் பின்னியதென்றால் இதைச் செய்யாமல் துவைக்கவே கூடாது. கறை இறங்கினால் ஊற வைக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று முக்கி, அதே குளிர்ச்சியில் அலசி, உடனே துண்டில் ஒற்றி எடுத்து, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் மேல் மடிந்து கிடக்காமல் விரித்துவிடுங்கள். சாயம் ஒட்டுவது பெரும்பாலும் ஈரமாக மடிந்து கிடக்கும்போதுதான்.

கேள்வி: மேடம், என் நூலில் சூப்பர்வாஷ் என்று போட்டிருக்கிறது. மெஷினில் போடலாமா?

பதில்: லேபிளில் அனுமதி இருந்தால் போடலாம். சூப்பர்வாஷ் என்றால் செதில்களைக் குளோரின் முறையில் மழுக்கி, பல நேரங்களில் அதன் மேல் மெல்லிய பாலிமர் பூச்சும் கொடுத்த நூல். செதில் பிடிக்காததால் சுருங்காது. ஆனால் அதே காரணத்தால் கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவும் மாட்டா. நனைத்ததும் கை முழங்கால்வரை நீண்டு கிடப்பதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. பதற வேண்டாம். லேபிள் அனுமதித்தால், டிரையரில் குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் ஓட விட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து விரித்தால் பழைய அளவுக்கு வந்துவிடும்.

சூப்பர்வாஷ் இல்லாத நூலை மெஷினில் துவைக்காதீர்கள். தண்ணீர் வடிக்க மட்டும், வலைப்பையில் போட்டு ஸ்பின் கொடுக்கலாம். டிரம்மின் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றுவதால் உரசல் குறைவு. ஸ்பின்னுக்கு நடுவில் தண்ணீர் பீய்ச்சும் மெஷின் என்றால் அதுவும் வேண்டாம்.

கேள்வி: கொடியில் போட்டதில் என் ஸ்வெட்டர் கவுன் மாதிரி நீண்டுவிட்டது. வேறு எப்படிக் காயவைப்பது?

பதில்: தட்டையாக, எப்போதும் தட்டையாக. முதலில் ஒரு பெரிய துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, மேலே கையை ஊன்றி அழுத்துங்கள். வெறும் காலால் மிதித்தாலும் தவறில்லை. முறுக்க மட்டும் கூடாது. துண்டு சொதசொதவென்று ஆகிவிட்டால் இன்னொரு துண்டு எடுங்கள். இந்த ஒரு வேலையை நன்றாகச் செய்தால் உலரும் நேரம் பாதியாகக் குறையும்.

அப்புறம் உலர்ந்த துண்டின் மேலோ வலைத்தட்டின் மேலோ விரித்து, எழுதிவைத்த அளவுக்கு இழுத்தும் ஒதுக்கியும் சரிசெய்யுங்கள். ஈரக் கம்பளி சொன்னபடி கேட்கும். இப்போது எந்த வடிவத்தில் விடுகிறீர்களோ அதே வடிவத்தில்தான் காயும். இடுப்பிலும் மணிக்கட்டிலும் வரிவரியாக இழுபடும் ரிப் பின்னலை விரல்களால் நெருக்கி விடுங்கள், நீட்டி விட்டால் தொளதொளவென்று நின்றுவிடும். ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டிப் போடுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் காயட்டும். வெயிலில் போட்டால் வெள்ளைக் கம்பளி மஞ்சளாகும். ஹீட்டருக்கு நேராகவும் வேண்டாம்.

நீண்டுபோன உங்கள் ஸ்வெட்டரை மறுபடி நனைத்து, அளவுக்கு ஒதுக்கி, தட்டையாகக் காயவையுங்கள். பெரும்பாலும் மீண்டுவிடும்.

கேள்வி: காயும்போது ஒரு மாதிரி ஆட்டு வாடை வருகிறது.

பதில்: ஈரக் கம்பளியின் இயல்பு அது, காய்ந்ததும் போய்விடும். புளித்த வாடை என்றால் விஷயம் வேறு. காய அதிக நேரம் எடுத்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி அலசி, இந்த முறை துண்டில் இன்னும் நன்றாக ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே போடுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே சுருங்கிப்போன ஸ்வெட்டரைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உள்பக்கத்தைப் பாருங்கள். கண்ணிகளைத் தனித்தனியாக எண்ண முடிகிறதென்றால் நம்பிக்கை உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, அலசி, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பக்கமும் இழுத்து, துருப்பிடிக்காத ஊசிகளால் குத்தி விரித்துவையுங்கள். முழு அளவு வராவிட்டாலும் ஒரு சுற்று மீளும். கண்ணியே தெரியாமல் கம்பளம்போல் தடித்துவிட்டதென்றால் எதுவும் உதவாது. ஆனால் அப்படி இறுகிய துணியை வெட்டினால் பிரியாது. பையாகவோ கையுறையாகவோ தைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எத்தனை தடவை போட்ட பிறகு துவைக்க வேண்டும்?

பதில்: எண்ணிக்கை வைக்காதீர்கள். உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட்டுக்கொண்டால் கம்பளி அழுக்காவது மிகவும் குறைவு. கழற்றியதும் உடனே மடிக்காமல் ஒரு இரவு காற்றாட விரித்துவையுங்கள், வாடை போய்விடும். கறை பட்டாலோ, காற்றாட வைத்தும் வாடை போகாவிட்டாலோ துவையுங்கள். குளிர்காலம் முடிந்து எடுத்துவைக்கும் முன் மட்டும் கட்டாயம்.

கேள்வி: அக்குளிலும் பக்கவாட்டிலும் குட்டி குட்டி உருண்டைகள் வருகின்றன. நூல் மட்டமானதா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளியில்தான் இது அதிகம். குட்டை இழைகள் உரசலில் வெளியே வந்து சுருண்டுகொள்கின்றன. விரலால் பிய்க்காதீர்கள், கூடவே நல்ல இழையையும் இழுத்து வரும். தட்டையாக விரித்து, ஸ்வெட்டருக்கான சீப்பாலோ சின்னக் கத்தரிக்கோலாலோ எடுங்கள். நாளடைவில் குறைந்துவிடும்.

கேள்வி: போன வருடம் பெட்டியில் வைத்த ஸ்வெட்டரில் இந்த வருடம் ஏழெட்டு ஓட்டை. அந்துருண்டை போட்டும் இப்படி ஆகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: படிக்கும்போதே வயிறு எரிகிறது. இதற்கு விரிவாகவே சொல்கிறேன்.

கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. வளர்ந்த பூச்சி எதையும் தின்பதில்லை. விளக்கைச் சுற்றிப் பறப்பவை வேறு பூச்சிகள். இது இருட்டுப் பிரியன், பொன்னிறம், அரிசியை விடச் சற்றே பெரியது. மடிப்புக்குள் 40, 50 முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். பொரித்து வரும் புழுக்களுக்கு வியர்வையும் உணவுக் கறையும் பட்ட கம்பளி என்றால் உயிர். அதனால்தான் துவைக்காமல் எடுத்துவைக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மற்ற கம்பளிகளையும் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். காலர் மடிப்பு, தையல் ஓரம், பொத்தானின் அடிப்பக்கம் முக்கியம். சிலந்தி வலை மாதிரி மெல்லிய பட்டு இழையும், மணல்போல் சின்னத் துகள்களும் இருந்தால் புழு இருக்கிறது. அந்தத் துகள் புழுவின் எச்சம். நீலக் கம்பளியைத் தின்றிருந்தால் துகளும் நீலமாகவே இருக்கும், அதனால் கண்ணில் படாமல் போய்விடும்.

சந்தேகமானவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள், வேர்த்து ஈரமாகிவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து துவையுங்கள். பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் வேக்கம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள்.

அந்துருண்டையின் ஆவி மூடிய பெட்டிக்குள் அடர்த்தியாகச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அடிக்கடி திறக்கும் பெட்டியில் வாடை மட்டும்தான் மிச்சம். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. குறிப்பாகக் குழந்தை ஸ்வெட்டருக்கு வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, பல அந்துருண்டைகளில் இருக்கும் நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். தேவதாரு மரத்துண்டும் லாவெண்டரும் வாசனைக்கு நல்லவை, காவலுக்குப் போதாதவை.

நன்றாக மூடும் பெட்டி அல்லது ஜிப் பை, அதற்குள் துவைத்து முழுக்கக் காய்ந்த ஸ்வெட்டர். நான் நம்புவது இதைத்தான். முழுக்கக் காய்ந்தது என்பதில் கவனம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கியும் தொட்டால் உலர்ந்ததுபோலவே இருக்கும். அப்படியே மூடினால் பூஞ்சை பிடிக்கும். கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்த பிறகும் இன்னொரு நாள் விடுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வையுங்கள். ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், தோளில் புடைப்பு விழும்.

ஓட்டைகளைத் தைக்கலாம். பின்னி மிஞ்சிய நூல் இருந்தால் எடுங்கள். இனிமேல் மிஞ்சும் நூலை ஸ்வெட்டரோடு சேர்த்தே துவைத்துவையுங்கள். இல்லாவிட்டால் பின்னாளில் தைக்கும்போது ஒட்டு மட்டும் புதுநிறமாகத் தெரியும்.

கேள்வி: பாட்டி பின்னிய ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது. லேபிள் கிடையாது. கம்பளியா அக்ரிலிக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உள்பக்கத்துத் தையலிலிருந்து ஒரு துண்டு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் செயற்கை இழை, அது உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டும் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் கம்பளி என்றே வைத்துக்கொண்டு கையால் துவையுங்கள், அக்ரிலிக்குக்கும் அதனால் கெடுதல் இல்லை.

கேள்வி: அயர்ன் பண்ணலாமா சார்?

பதில்: சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் பின்னல் சப்பையாகிவிடும். ஈரத்துணியை மேலே போட்டு, பெட்டி துணியைத் தொட்டும் தொடாமலும் ஆவியை மட்டும் விடுங்கள், சூடு ஆறும்வரை ஸ்வெட்டரை நகர்த்தாதீர்கள். அக்ரிலிக்கில் இதைச் செய்யாதீர்கள். ஒரே ஆவியில் துவண்டுவிடும், திரும்ப நிமிராது.