விளம்பரம் செய்யவா, அடுத்த நாவலை எழுதவா?

கேள்வி: வணக்கம் அக்கா. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 38, இரண்டு பிள்ளைகள். மூன்று குடும்ப நாவல்கள் எழுதியிருக்கிறேன். இரண்டை அமேசான் கிண்டிலில் மின்னூலாக நானே வெளியிட்டேன். அதில் ஒன்றை, சந்தா கட்டியவர்கள் படிக்கிற அன்லிமிடெட் திட்டத்திலும் சேர்த்து, ஒரு தொடர்கதைச் செயலியிலும் இலவசமாகப் போட்டிருக்கிறேன். மூன்றாவதைச் சீட்டு எடுத்த பணத்தில் 300 பிரதி அச்சடித்தேன். பாதிக்குமேல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. விடிகாலையில் எழுந்து எழுதிக்கொண்டிருந்தவள், இப்போது அந்த நேரத்தையும் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் விளம்பரம் செய்தே கழிக்கிறேன். எழுதுகிற தோழிகள் ஒருவர் புத்தகத்துக்கு ஒருவர் விமர்சனம் எழுதிக்கொள்கிறோம். ஆனாலும் விற்பனை ஏறவில்லை. நாலாவது நாவல் ஏழாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. சாயல் வந்துவிடுமோ என்று பயந்து மற்றவர்கள் நாவலைப் படிப்பதையும் விட்டுவிட்டேன். மதுரையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் “குடும்ப நாவலா?” என்று ஒருவர் சிரித்தார். நாத்தனாரும் அப்படித்தான் சிரிக்கிறாள். ஒரு பதிப்பாளர் மூன்று நாவலையும் முழு உரிமையோடு கேட்கிறார். கொடுக்கலாமா? இதையெல்லாம் தொடரத்தான் வேண்டுமா? நாலாவது நாவலின் அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.
(பெயர் வேண்டாம், திருமங்கலம்)

பதில்: அன்புத் தங்கைக்கு, ஏழு அத்தியாயங்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் நாயகி சென்னையில் கடலோர பங்களாவில் இருக்கிறாள். கணவன் பெரிய நிறுவனத்தின் முதலாளி. கோபம் வந்தால் காரை வேகமாக ஓட்டுகிறான். இந்த வீட்டுக்குள் நான் பல முறை போய் வந்தாயிற்று. சோபா எந்தப் பக்கம் கிடக்கிறது என்பது உட்பட எனக்குத் தெரியும். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் நாயகியின் பெரியம்மா வருகிறாள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை எடுத்துவந்து தெருமுனையில் கட்டி விற்கிறவள். அடாவடியாகப் பேரம் பேசுகிறவளுக்கு முழம் போடும்போது கையை லேசாக மடக்கிக்கொள்கிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரி வந்து நின்றால் விரல் நுனியைத் தாண்டி நாலு கண்ணி கூடவிட்டு அறுக்கிறாள். தைப் பனியில் வரத்து குறைந்து விலை எகிறும் நாளில், வாடிக்கைக்காரிகளுக்கு என்ன பதில் சொல்வது என்று இரவெல்லாம் புரளுகிறாள். ஒன்றரைப் பக்கம்தான். அதற்குப் பிறகு அவளை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தொடர வேண்டுமா என்று கேட்டீர்களே, அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதியவர் தொடராமல் எப்படி?

சாயல் பற்றிய உங்கள் பயத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. படிப்பதை நிறுத்தியதால் சாயல் போய்விடவில்லை. நிறுத்துவதற்கு முன் கடைசியாகப் படித்த பத்து நாவல்களின் சாயலோடு உறைந்து நிற்கிறீர்கள். அந்தக் கடலோர பங்களா அங்கிருந்துதான் வந்தது. பத்தே பேரைப் படித்தவருக்குப் பத்துப் பேரின் குரல்தான் காதில் கேட்கும். நூறு பேரைப் படித்தால் எந்த ஒரு குரலும் ஓங்கி நிற்காது. இடையில் உங்கள் குரலுக்கு இடம் கிடைக்கும். அதனால் இரவில் ஒரு மணி நேரமாவது படியுங்கள். பெண்கள் எழுதியதை, அதிலும் உங்களைப்போல் எழுதாதவர்களை முதலில் எடுங்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுத அங்கேயே போய் அவர்களோடு பழகியவர் ராஜம் கிருஷ்ணன். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஏறினால் போதும். புத்தகம் வாங்கக் காசில்லை என்ற சாக்கும் இப்போது எடுபடாது. 2023 ஜூலையில் மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தாயிற்று. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கென்று தனிப்பகுதி இருக்கிறது, உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

இனி அந்த விமர்சன ஏற்பாடு. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உசிலம்பட்டிப் பக்கத்து மொய்யைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யார் எவ்வளவு வைத்தார்கள் என்று நோட்டில் ஏறும். அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பி வைக்க வேண்டும், முடிந்தால் ஒரு நூறு கூட்டி. நீங்களும் தோழிகளும் விமர்சனத்தோடு போடுகிற நட்சத்திரங்களில் மொய் செய்துகொண்டிருக்கிறீர்கள். அவர் ஐந்து வைத்தால் நீங்கள் நாலு வைக்க முடியாது, உறவு முறிந்துவிடும். மொய்யாவது ஒரு குடும்பத்தின் கல்யாணச் செலவைத் தாங்கும். இது எதைத் தாங்குகிறது? “அருமை சகோதரி, கண்கலங்க வைத்துவிட்டீர்கள்” என்று இருபது வரி ஒரே மாதிரி இருந்தால், பணம் கொடுத்து வாங்க வருகிற பெண்ணுக்கு உடனே புரிந்துவிடும். அவள் ஏமாளி அல்ல.

எழுத்தாளர்கள் இப்படி மாற்றி மாற்றி விமர்சனம் எழுதுவது அமேசானின் விதிகளுக்கும் புறம்பானது, கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். பணக் கணக்கும் உதைக்கிறது. அன்லிமிடெட் திட்டத்தில் வாசகர் படித்த பக்கங்களை எண்ணித்தான் பணம் தருகிறார்கள், நட்சத்திரத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. உங்கள் மாத அறிக்கையைத் திறந்து, படிக்கப்பட்ட பக்கங்களைப் பாருங்கள். எத்தனை தோழிகள் உண்மையில் படித்தார்கள் என்பது விளங்கிவிடும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இருக்கிறது. பொய்யாகப் பாராட்டிப் பாராட்டி உங்கள் வாசிப்பு மழுங்கிப்போகும். மற்றவர் நாவலில் எது நொண்டுகிறது என்று சொல்லக் கூடாது என்று பழகிய கண்ணுக்கு, சொந்த நாவலில் நொண்டுவதும் தெரியாது. அந்தக் குழுவில் கூர்மையான ஒரு தோழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் நாவலை வெளிவருவதற்கு முன்பே படித்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவரும் அப்படியே சொல்லட்டும். பொதுவெளியில் ஒருவரைப் பற்றி ஒருவர் வாய் திறக்க வேண்டாம்.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடமே போகாதவர், முதல் நாடகத்தை வாயால் சொல்லித் தோழியை எழுதவைத்தவர். 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தன் பொறுப்பில் எடுத்து, அதில் தொடராக எழுதியே இதழையும் தூக்கி நிறுத்தினார்; நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவருக்கு விளம்பரம் எது? அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்று வாசகியைக் காத்திருக்க வைத்த அத்தியாயம்தான். இன்று “அடுத்த யூடி (அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம்) எப்போது?” என்று உங்கள் வாசகிகள் கேட்பதும் அதே காத்திருப்புதான். ஏழாம் அத்தியாயத்தோடு நின்றுபோனவரின் பழைய புத்தகத்துக்குத் தினம் ஒரு பதிவு போட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? விடிகாலை எழுத்துக்கு மட்டும். புத்தகத்தைப் பற்றிப் பேசுவதை ஞாயிறு மதியம் ஒரு மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். அதிலும் “வாங்குங்கள்” என்று கெஞ்சாமல், பெரியம்மா கை மடக்கும் அந்தப் பத்தியைப் போடுங்கள்.

ஒரு காரியத்தை இன்றைக்கே செய்ய வேண்டும். அன்லிமிடெட் திட்டத்தில் சேர்த்த மின்னூல் அந்த 90 நாள் தவணை முடியும்வரை வேறு எங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட. செயலியில் இருப்பதை உடனே எடுத்துவிடுங்கள். கணக்கையே முடக்கிவிட்டால் பிறகு அழுது பயனில்லை. தொடராகப் போட்டு, முடிந்ததும் அங்கிருந்து நீக்கி, அதன் பிறகு கிண்டிலில் ஏற்றுவதுதான் பலர் செய்கிற முறை. அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கட்டிலுக்கு அடியில் இருப்பவற்றில் ஒரு பத்துப் பிரதியை வாடகை நூலகங்களுக்குச் சும்மா கொடுங்கள். சும்மாவா என்று திகைக்காதீர்கள். குடும்ப நாவலின் உண்மையான விமர்சகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தான் படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமலிருக்க, குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைக்கும் பெண்கள் அவர்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் கடைசிப் பக்கத்திலேயே எழுதிவைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் போய் அந்தப் பிரதியை வாங்கிப் பாருங்கள். எத்தனை புள்ளி விழுந்திருக்கிறது, கடைசிப் பக்கத்தில் என்ன வசவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மீதியைப் புத்தகத் திருவிழாவின்போது ஏதாவது ஒரு பதிப்பகத்தின் அரங்கில் வைக்கக் கேளுங்கள். ஒற்றைப் புத்தகத்துக்குத் தனி அரங்கு எடுத்தால் வாடகைக்கே கட்டுபடியாகாது. முப்பது, நாற்பது சதவீதம் கழிவு கேட்பார்கள். அதை மனத்தில் வைத்துத்தான் விலை போட்டிருக்க வேண்டும். அடுத்த அச்சில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது.

நீங்களே அச்சடித்ததால், சட்டப்படி நீங்கள்தான் பதிப்பாளர். 1954-ஆம் வருடச் சட்டம் ஒன்று, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் சென்னைக் கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பச் சொல்கிறது. அனுப்பவில்லை என்றால் இப்போதாவது அனுப்புங்கள். தபால் ரசீதை நாத்தனார் கண்ணில் படும் இடத்தில் வைக்கலாம்.

கூட்டத்தில் சிரித்தவருக்கு, மருத்துவக் கல்லூரியில் படித்த செலவைக் கதை எழுதியே சமாளித்த எழுத்தாளர் ‘லக்ஷ்மி’யைப் பற்றிச் சொல்லலாம். குடும்ப நாவல்களாலேயே பேரெடுத்தவர், 1984-இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். ஆனால் இதைச் சொல்லி அந்த ஆள் திருந்தப் போவதில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போகாமல் அந்த மாலை எழுதுங்கள்.

கடைசியாகப் பதிப்பாளர். ‘முழு உரிமை’ என்ற சொல்லைப் பார்த்ததுமே பேனாவை மூடிவையுங்கள். நம் நாட்டில் எழுதியவரின் உரிமை அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் போகக்கூடிய சொத்து. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலவரையறை எழுதப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். ஆனால் ‘நிரந்தரமாக’ என்று எழுதி அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், இந்த ஐந்தாண்டுப் பாதுகாப்பு உங்களுக்குக் கைகொடுக்காது. அவருக்கு அச்சு உரிமை மட்டும், தமிழில் மட்டும், ஐந்து ஆண்டுக்கு. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். எத்தனை பிரதி அச்சடிக்கிறார், சதவீதம் எவ்வளவு, கணக்கு எப்போது தருவார் என்பவை தாளில் ஏறட்டும். ஒரு நாவலை மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள். முன்பணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.