ஆறு வாரத்துக்காக நாயை நிரந்தரமாக ஒப்படைக்க வேண்டாம்

வணக்கம். அறுவை சிகிச்சைக்காக ஆறு வாரம் மருத்துவமனையில் இருக்க வேண்டியுள்ளதால், ஒன்பது வயது நாயைக் காப்பகத்தில் ஒப்படைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுக் கையெழுத்திட்டுவிடாதீர்கள், ஒப்படைப்புப் படிவம் பொதுவாக உரிமையையே மாற்றிவிடும், பிறகு திரும்பக் கேட்பது கடினம். விலங்கு நலத் தொண்டு நிறுவனங்கள் சில, உரிமையாளர் குணமாகி வரும்வரை தன்னார்வலர் ஒருவரின் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் தற்காலிக ஏற்பாட்டைச் செய்து தருகின்றன. உணவுக்கும் தடுப்பூசிக்கும்கூட உதவுவது உண்டு. முதலில் அதைக் கேளுங்கள். திரும்பப் பெறும் தேதி, சிகிச்சைச் செலவு யாருடையது, உங்களைத் தொடர்புகொள்ள முடியாதபோது முடிவெடுப்பவர் யார் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையோடு, நீங்கள் உடுத்தித் துவைக்காத பழைய சட்டை ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். வயதான நாய்க்குப் புது வீட்டின் முதல் இரவில் அந்த வாசனைதான் துணை.