வாசகர் கேள்வி பதில்: ரோட்டுக்கு கீழ வீடு, ரோட்டுல சீவேஜ் லைன்

கேள்வி: அண்ணே, நாங்க கண்டி டவுனுக்கு வெளிய மலைச்சரிவுல இருக்கோம். எங்க ரோட்டுல சீவேஜ் பைப் போட போறாங்கன்னு பேச்சு அடிபடுது. வீடு ரோட்டுல இருந்து எட்டு படி கீழ. இப்ப இருக்குற கக்கூஸ் குழி ஒரு கரைச்சலும் குடுக்கல, கழிவு உறிஞ்சுற கலி பவுசர் கூப்பிட்டதே இல்ல. கனெக்‌ஷன் எடுக்கணுமா? பக்கத்து வீட்டு மாமா இப்பவே மேசன் பாஸ பிடிச்சு கான் வெட்டுங்கன்னு நிக்கிறாரு.

பதில்: மாமாவ கொஞ்சம் பொறுக்க சொல்லுங்க தங்கச்சி. மொதல்ல குழி விசயம். பவுசரே கூப்பிடலன்னா உங்க குழிக்கு அடில கொங்கிரீட் இல்ல, சும்மா கருங்கல் அடுக்குன குழி, தண்ணியெல்லாம் மண்ணுக்குள்ள இறங்கி கீழ் வீட்டுக்காரங்க கிணத்து பக்கம் போகுதுன்னுதான் நான் நினைப்பேன். சரிவுக்குள்ள தண்ணி ஊறுறது மண்சரிவுக்கும் நல்லதில்ல. அதனால லைன் வந்தா எடுக்கத்தான் வேணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. நம்ம நாட்டுல சீவேஜ் பைப் உள்ள வீடு நூத்துக்கு ரெண்டு மூணுதான், கண்டி டவுனுக்கே ஜப்பானோட ஜைக்கா கடன்ல கன்னொருவைல பிளாண்ட் கட்டி, அங்க சுத்தம் பண்ணி மகாவலில விடுற மாதிரி ஆனது அண்மையிலதான்.

ஆனா உங்க எட்டு படிதான் இடிக்குது. படிக்கு ஏழு அங்குலம்னு வச்சாலும் 56 அங்குலம், அதாவது 4 அடி 8 அங்குலம். ரோட்டு மேன்ஹோல் நாலு அடி ஆழம்னா உங்க வீட்டு தரையே அந்த பைப்புக்கு கீழ கிடக்கு, கக்கூஸ் பைப் அதுக்கும் கீழ. நாலு இஞ்சி பைப்புக்கு 40 அடிக்கு ஒரு அடி இறக்கம் குடுத்தாதான் ஒழுங்கா ஓடும், மேல் நோக்கி எந்த பாஸ் வந்து போட்டாலும் ஓடாது. அதனால காசு கட்ட முன்னாடி வோட்டர் போர்ட் ஆள்கிட்ட "எங்க வாசல்ல மேன்ஹோலுக்குள்ள பைப் அடி எத்தன அடில வருது"ன்னு கேளுங்க, மூடி எங்க இருக்குன்னு இல்ல. பிறகு பாஸ்மார் வச்சிருக்குற வெள்ள டியூப்ல தண்ணி நிரப்பி ஒரு முனைய மேன்ஹோல் கிட்டயும் மத்தத கக்கூஸ் பைப் வெளிய வர்ற இடத்துலயும் பிடிச்சு பாருங்க, ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், அதுல இருந்து ரெண்டு பைப்பும் எவ்வளவு கீழன்னு அளந்தா எது கீழ இருக்குன்னு அரை மணித்தியாலத்துல விளங்கிடும்.

ஆழம் பத்தலன்னா ரெண்டு வழி. ஒண்ணு பம்ப், கரண்ட் போனா அதுவும் நின்னுடும், அது ரிப்பேரானா உங்க வீட்ல யாரும் கக்கூஸ் போக ஏலாது, எனக்கு அதுல விருப்பமில்ல. மத்தது கீழ் ரோட்டு லைனுக்கு இறக்குறது, அதுக்கு கீழ் வீட்டுக்காரங்க காணி வழியா பைப் போகணும், வாய் பேச்சு வேணாம், நாளைக்கு அவங்க வித்துட்டு போனா புது ஆள் பைப்ப வெட்டுவாரு, உறுதி எழுதுற நொத்தாரிசுகிட்ட எழுதிக்கோங்க. ரோட்டுக்கு கீழ இருக்குற வீட்டுக்காரங்க எல்லாரும் சேர்ந்து டிசைன் முடியுறதுக்கு முன்னாடியே போய் பேசுனா லைனையே கீழ்ப்பக்கம் எடுக்க சொல்லலாம், கான் வெட்டின பிறகு யாரும் மாத்த மாட்டாங்க.

எப்பிடி எடுத்தாலும் பக்கத்து மேன்ஹோல் மூடிய விட உங்க கக்கூஸ் கீழ இருந்தா தண்ணிய திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வ் கட்டாயம் போடுங்க. லைன் அடைச்சா மூடி வழியா வராது, உங்க பாத்ரூம் வழியாத்தான் வரும்.

பழைய குழிய பவுசர் விட்டு உறிஞ்சி, மண்ணும் கல்லும் போட்டு இடிச்சு நிரப்புங்க, தண்ணி டேங்கா வச்சுக்கலாம்னு யோசிக்காதீங்க. உள்ள இறங்க ஆளும் விடாதீங்க, குழிக்குள்ள இருக்குற விஷ கேஸ் அடிச்சு செத்தவங்க நிறைய பேர்.

கேள்வி: பீலி தண்ணியையும் கூரை தண்ணியையும் அதே பைப்ல விட்டா என்ன?

பதில்: வேணாம் தம்பி. நம்ம பக்கத்து மழைக்கு ஒரு ரோட்டு கூரை தண்ணி முழுக்க உள்ள போனா கீழ் வீடுகள்ல மேன்ஹோல் மூடி எழும்பும். மழைத்தண்ணிக்கு கான் தனி.

கேள்வி: தோட்டத்துல 7 பேர்ச் காணில புது வீடு, கீழ் வரிசைக்கு குடிக்க ஊத்து தண்ணி வர்ற பீலி ஒண்ணு இருக்கு. எங்களுக்கு சீவேஜ் வருமா?

பதில்: இப்போதைக்கு வராதுன்னே வச்சுக்கோங்க, சபை லைன் இருக்குறது டவுன்ல. அதனால செப்டிக் டேங்க் அடி கட்டி, பக்கத்துல தண்ணி மண்ணுக்குள்ள ஊறுறதுக்கு சோக் குழி வைக்கணும். ஆனா 7 பேர்ச் 1,900 சதுர அடிதான், சதுரமா பார்த்தா ஒரு பக்கம் 44 அடி கூட இல்ல, குடிதண்ணிக்கு 50 அடியாவது தள்ளி வைக்கணும்னு சொல்றாங்க, தனித்தனியா எங்க தோண்டினாலும் யாருக்காவது இடிக்கும். உங்க வரிசை வீட்டுக்காரங்களா கூடி பீலிக்கு மறுபக்கம் எல்லாருக்கும் ஒரே சோக் குழி போட ஏலுமான்னு பிஎச்ஐ (பொது சுகாதார பரிசோதகர்) ஐயாவ கூட்டிட்டு வந்து காட்டுங்க. நுவரெலியா பக்கம் மாதிரி குளிர்னா டேங்க்ல கழிவு மக்குறது மெதுவாத்தான் நடக்கும், கொஞ்சம் பெருசா கட்டுங்க, கடைல விக்கிற பவுடர் எல்லாம் தேவையில்ல. அது வரைக்கும் பீலி தண்ணிய கொதிக்க வச்சு குடிங்க.