எட்டு மாதமும் வீண்தானா?

சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள்வது பற்றி வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆன்லைன் ரம்மியில் ஆறு லட்சம் வரை விட்டேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஆப்களை அழித்து, எட்டு மாதம் தொடாமல் இருந்தேன். தீபாவளி போனஸ் 18,000 வந்த அன்று இரவு, நண்பர் டெலிகிராமில் வாங்கிக் கொடுத்த ரம்மித் தள ஐடியில் (லாகின்) ஆட உட்கார்ந்துவிட்டேன். விடிவதற்குள் 14,500 போய்விட்டது. மீதி 3,500 இருக்கிறது. அதை வைத்து விட்டதைப் பிடித்துவிட்டால் மனைவிக்குத் தெரியாமலே போய்விடும் என்று தோன்றுகிறது. எட்டு மாதமும் வீண்தானா?
– திருப்பூர் வாசகர்

பதில்: வீணில்லை. ஆனால் அந்த 3,500 இன்று மாலைக்குள் உங்கள் கையைவிட்டுப் போயாக வேண்டும். போன 14,500ஐ விட, "மனைவிக்குத் தெரியாமலே" என்ற வரிதான் எங்களை அதிகம் உறுத்துகிறது.

ஓர் இரவு ஆடியது சறுக்கல். அதை மறைக்கப்போய் அடுத்த இரவும் ஆடினால், அது பழைய குழியில் விழுவது. குடி முதலான பழக்கங்களில் இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். சறுக்கியவரைக் கீழே இழுப்பது, "எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு" என்ற எண்ணம்தான் என்றார். நீங்கள் இப்போது நிற்பது சரியாக அந்த இடத்தில்.

மீதிப் பணத்தை மனைவியின் கணக்குக்கு அனுப்புங்கள். அனுப்பும் கையோடு சொல்லியும் விடுங்கள். எந்த இரவு, எவ்வளவு, ஐடி யார் மூலம் வந்தது, எல்லாம். தொகையைக் குறைத்துச் சொல்லத்தான் நாக்கு வரும். "ஒரு ஐயாயிரம்" என்று சொல்லிவிட்டால் மிச்சம் 9,500ஐ எங்கிருந்தாவது புரட்டியாக வேண்டும். அதற்கு உங்களுக்குப் பழகிய வழி ஒன்றே ஒன்றுதான். நண்பருக்கு ஒரு வரி போதும்: "இனிமேல் எனக்கு இதெல்லாம் அனுப்பாதே." பிறகு அந்தக் குழுவிலிருந்து வெளியேறி, ஐடி விற்றவரை பிளாக் செய்யுங்கள்.

அந்த ஐடி விவகாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம் வந்ததும் பெரிய ரம்மி ஆப்கள் அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டன. ஐடி விற்பவர்கள் நிறுத்தவில்லை. நீங்கள் கட்டும் பணம் யாரோ ஒருவர் வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்குக்குப் போகும். ஜெயித்தால் வருவதும் அப்படிப்பட்ட கணக்கிலிருந்துதான். அந்தக் கணக்கு ஏதாவது மோசடி வழக்கில் சிக்கினால், பணம் வாங்கிய உங்கள் சம்பளக் கணக்கும் சேர்ந்து முடங்கும். இஎம்ஐ திரும்பும். வங்கிக்கும், எந்த ஊர் என்றே தெரியாத சைபர் போலீஸுக்கும் அலைய வேண்டியிருக்கும். ஐநூறு ஆயிரம் ஜெயித்தால் உடனே கொடுப்பார்கள். ஐம்பதாயிரம் என்றால், "முதலில் வரியைக் கட்டு, அப்புறம் வித்ட்ரா" என்பார்கள். ஆகவே விட்டதைப் பிடித்தாலும் அது கைக்கு வரும் என்று நம்ப முடியாது.

அடுத்த இரண்டு நாளுக்குள் ஒரு தாளில் அந்த நாளைப் பின்னோக்கி எழுதிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அது ஏறக்குறைய இப்படித்தான் வரும். இரவு 11.40, முதல் டெபாசிட் 500. 11.15, ஐடி வேலை செய்கிறதா என்று "சும்மா" பார்த்தது. 10 மணி, வீட்டில் எல்லோரும் தூங்கியது. மாலை 6, போனஸ் ஏறிய மெசேஜைப் பார்த்தும் வீட்டில் சொல்லாதது. மதியம், நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கட்டைவிரல் போட்டது. ஆட்டம் மாலை ஆறுக்கே தொடங்கிவிட்டது. 11.40க்கு உங்களைத் தடுக்க யாராலும் முடியாது. ஆறு மணிக்கு ஒரு வாக்கியம் தடுத்திருக்கும்.

மொத்தமாகப் பணம் வரும் நாட்கள்தான் உங்களுக்கு ஆபத்து. போனஸ், சீட்டு எடுப்பது, பிஎஃப் முன்பணம் எல்லாவற்றையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். மனைவியோடு ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கி, "இருவரில் ஒருவர்" இயக்கும் வகை வேண்டாம், "இருவரும் சேர்ந்து" இயக்கும் வகைதான் வேண்டும் என்று கேளுங்கள். அந்த வகைக்கு யுபிஐயும் ஏடிஎம் கார்டும் கிடைக்காது. இங்கே அந்த அசௌகரியம்தான் மருந்து. சம்பளம் ஏறும் நாளன்றே பெரும்பகுதி தானாக அங்கே போகும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுங்கள். டீ, பெட்ரோலுக்கு வாரம் 1,500 போட்டு ஒரு சின்னக் கணக்கு போதும். கார்டில் ஆன்லைன் பயன்பாட்டை அணைக்கும் வசதியை வங்கிகள் 2020 அக்டோபரிலிருந்து கட்டாயம் தர வேண்டும், அதையும் அணையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். பகலில் அணைத்த கை நடுராத்திரியில் இரண்டு நிமிடத்தில் ஆன் செய்யும். இன்னொரு ஓட்டை, வங்கி ஆப்பிலேயே காத்திருக்கும் "முன் ஒப்புதல் பெற்ற" தனிநபர் கடன். கணக்கில் பூஜ்யம் இருந்தாலும் அது மூன்று தட்டில் வந்து விழும். அந்தச் சலுகையை நீக்கச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுங்கள்.

ஆடியே தீர வேண்டும் என்ற வெறி பொதுவாக 20, 30 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். போனை வீட்டில் வைத்துவிட்டு, சட்டைப்பையில் இருபது ரூபாயோடு டீக்கடைவரை நடந்து வாருங்கள். இரவு பத்துக்குமேல் போன் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போய்வாருங்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசியே மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் ஆகும். சூதாட்டத்துக்கென்றே அங்கீகரித்த மாத்திரை கிடையாது. சிலருக்குக் குடிப்பழக்கத்துக்குத் தரும் நால்ட்ரெக்சோன் மாத்திரை வெறியைக் குறைக்கிறது, கல்லீரல் பரிசோதனை பார்த்துத்தான் தருவார்கள். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கேள்வி: மகனுக்கு 26 வயது, சம்பளம் 22,000. போன வருடம் என் நகையை விற்று 3,80,000 கடனை அடைத்தோம். சாமி படத்தின் முன் சத்தியம் செய்தான். இப்போது மறுபடி 2,40,000 என்கிறான். லோன் ஆப்காரர்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்துகிறார்கள். மிச்சமிருக்கும் வளையலையும் விற்று அடைத்துவிடலாமா?
– மதுரை வாசகி

பதில்: வளையல் பீரோவிலேயே இருக்கட்டும் அம்மா. கடன் மொத்தமாக அடைந்த மறுநாள் ஆடுபவருக்கு நெஞ்சுப் பாரம் இறங்குகிறது, மறுபடி கடன் வாங்கும் தகுதியும் வந்துவிடுகிறது. ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்குத்தான் ஆப்கள் லிமிட்டை உயர்த்தும்.

2,40,000 என்பது முழுக்கணக்காக இருக்க வாய்ப்பு குறைவு. வெட்கத்தில் ஒன்றிரண்டை விட்டுவிடுவார்கள். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் பெயரில் இருக்கும் கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கை எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். மற்ற கடன் தகவல் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்கிலும் அப்படியே எடுக்கலாம். கைமாத்து, கந்துவட்டி, அடகு, சட்டவிரோத ஆப் இவையெல்லாம் அதில் தெரியாது. அதற்கு ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்டை விரித்து, திரும்பத் திரும்ப வரும் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

மிரட்டும் ஆப்கள், அனுமதி பெற்ற நிறுவனத்துடையவைதானா என்று ரிசர்வ் வங்கி தன் தளத்தில் வெளியிட்டிருக்கும் பட்டியலில் பாருங்கள். அனுமதி பெற்ற நிறுவனமானாலும் அதன் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது. உறவினரை அவமானப்படுத்தவும் கூடாது. ஸ்கிரீன்ஷாட், அழைப்புப் பதிவு எல்லாம் எடுத்துவைத்து சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் செய்யுங்கள். ஆப்பை அழித்தாலும் ஏற்கெனவே உருவிய போன் எண்கள் அவர்களிடம் இருக்கும். அதனால் சொந்தக்காரர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு, "மிரட்டிப் போன் வரும், யாரும் பணம் கட்ட வேண்டாம்" என்று அனுப்பிவிடுங்கள். அவர்களுடைய பெரிய ஆயுதமே வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்தான். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்படி போலீஸில் புகார் கொடுக்கலாம்.

கடனை மகன் தன் சம்பளத்திலிருந்து கட்டட்டும். மாதம் 8,000 என்றால் அசல் மட்டுமே 30 மாதம். வட்டியோடு மூன்று வருடத்தைத் தாண்டும். அந்த நீளமான காலமும் சிகிச்சையில் சேர்த்திதான். பணம் கடன்காரரின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், மகன் கைவழியாக வேண்டாம். சத்தியம் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பாஸ்புக்கை வாங்கிவையுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கடன் நெருக்கும் நாட்களில் உயிரை விடும் எண்ணம் வருவதுண்டு. "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பூச்சிமருந்து, தூக்க மாத்திரை வீட்டில் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. வாழ்நாளில் சீட்டைத் தொட்டதில்லை. பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பின், தினமும் வாளையாறுவரை பஸ்ஸில் போய்க் கேரள லாட்டரியைக் கட்டுக்கட்டாக வாங்கிவருகிறார். வயதான காலத்தில் ஏன் இப்படி?
– கோவை வாசகர்

பதில்: முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்ட வெறியையே உண்டாக்கும். தேவையில்லாமல் பொருள் வாங்கிக் குவிப்பது, ஓயாமல் சாப்பிடுவது ஆகியவையும் சேர்ந்து வரலாம். அப்பாவைத் திட்டாதீர்கள், நீங்களாக மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், உடல் விறைத்துப்போகும் ஆபத்து உண்டு. எந்த மாதம் மாத்திரை தொடங்கியது, எந்த மாதம் லாட்டரி தொடங்கியது என்று எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ கொடுத்தால் பலருக்கு அடங்கிவிடுகிறது.

கேள்வி: சிங்கப்பூரில் நிரந்தரவாசி. கேசினோவுக்கு நானே எனக்குத் தடை போட்டுக்கொண்டால் பயன் உண்டா?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: உண்டு, உடனே போடுங்கள். அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் வழியாக வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் கழியும்வரை நீக்கக் கேட்க முடியாது. நாளுக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணமே தடைதானே என்று நினைக்க வேண்டாம். கட்டியதை எடுத்தாக வேண்டும் என்று விடியவிடிய உட்காரவைப்பதும் அதே 150 வெள்ளிதான். சுயத்தடை இரண்டு கேசினோக்களோடு ஜாக்பாட் அறைகளுக்கும் லாட்டரி நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸின் ஆன்லைன் கணக்குக்கும் பொருந்தும். தெருமுனைக் கடையில் நான்கு நம்பர் லாட்டரி எழுதுவதை அது தடுக்காது. கேசினோவை விட்டவர்கள் வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான். சம்பள நாளன்று ஊருக்குப் பணம் அனுப்பும் கடைக்கு முதலில் போங்கள். வீடு திரும்ப லாட்டரிக் கடை இல்லாத வழியாக நடங்கள்.